அம்முலு தூங்கிய பகல்

பகலில் தூங்குகிற குழந்தையை யாரும் எழுப்ப மாட்டார்கள். நானும் எழுப்பவில்லை.

எங்கள் காலனியில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான், ஐயா. அம்முலு என் அண்ணன் சாமுவேலின் மகள். ஒரு வயது நிறையவில்லை. எங்கள் ஊர் காவாந்தண்டலத்தில் நடவுக்குப் போகிற பெண்கள், பிள்ளை அழாமல் கிடக்கட்டும் என்று போஸ்தக்காய்த் தோலைக் காய்ச்சிச் சங்கில் புகட்டிவிட்டுப் போவார்கள். அபின் எடுக்கிற காய்தான் அது. விஷம் என்று வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டவள் நான். அண்ணி மார்த்தாள் நிறுத்திவிட்டாள். அவள் வாய் மட்டும் நிற்கவில்லை. அன்றைக்கு நடவுக்குக் கிளம்பும்போது பிள்ளையை என் மடியில் போட்டாள்.

"அத்த குடுக்காதன்னியே, இன்னிக்கி நீயே வச்சிக்கினு இரு. பி.எஸ்ஸி. படிச்ச மடியில கொழந்த அழுவாதாமே."

அம்முலு அழுதாள். மறுநாள் எனக்கு சர்வீஸ் கமிஷன் பரீட்சை. மாடத்தில் பழைய தோல் மிச்சமிருந்தது. காய்ச்சினேன். ஒரு சங்குக்கு அடங்கவில்லை, மேலும் புகட்டினேன். அதன்பிறகு வீடு நல்ல அமைதி. நிறையப் படித்தேன்.

அண்ணி சேற்றுக் காலோடு வந்து தூக்கியபோது அம்முலுவின் தலை தொங்கியது. மூச்சு விட்டு விட்டு வந்தது.

"இன்னா குடுத்த மேரி?"

"ஒண்ணும் குடுக்கல அண்ணி. வலிப்பு வந்திச்சி."

நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "நீயே டாக்டராண்ட பேசு. நான் வாயத் தொறந்தா நாயத் தொரத்தறாப்ல தொரத்துவாரு" என்றாள் அண்ணி.

அவசரப் பிரிவில் எங்களுக்கு முன்னால் வேறொரு காலனிக்காரி நின்றிருந்தாள். அவளும் பிள்ளைக்கு அதையே புகட்டியிருந்தாள். "உங்க ஜனத்துக்கு எத்தனை தடவை சொல்றது? மாட்டுக்கு இருக்கிற அறிவுகூட கிடையாது" என்று டாக்டர் திட்டினார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் பிள்ளைக்குக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். அது பிழைத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான் இங்கிலீஷில் பேசினேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்கம்மா. என்ன படிச்சிருக்கீங்க?"

சொன்னேன். வலிப்பு என்றும் சொன்னேன். வலிப்புக்கு ஊசி எழுதினார். "இது போட்டா இன்னும் நல்லா தூங்குவா" என்றாள் நர்ஸ். ஊசி ஏறுவதற்கு முன் டாக்டர் கேட்டார்: "நிச்சயமா வேற எதுவும் குடுக்கலையே?"

அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "நோ, டாக்டர்" என்றேன்.

பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. மறுநாள் அடக்கத்துக்கு நான் இருக்கவில்லை, பரீட்சை எழுதப் போய்விட்டேன். மாடத்தில் கிடந்த தோலைப் பார்த்துவிட்டு அண்ணன் அண்ணியை அடித்த அடியில் அவள் கை ஒடிந்தது. நீங்களும் அவளைத்தான் ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள். புகட்டியது நான். ஊசி ஏறும்போது தெரிந்தே சும்மா இருந்ததும் நான்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். ஒரு டாக்டர் எங்கள் தெருப் பெண்ணை உட்காரவைத்து, அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் நம்பியது அதுதான் முதல் தடவை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.