நாப்பதாவது புள்ளி

மகளுக்குக் கிடைச்ச உந்தப் பரிசைத் திருப்பிக் குடுத்துப்போட்டு ஒரு கப் கேக்கப் போறியளோ? நில்லுங்கோ அண்ணை, அங்காலை கால் வையாதேங்கோ, இப்பத்தான் மொப் அடிச்சனான். சறுக்கி விழுந்தியளெண்டால் நான் நாலு ஃபோம் நிரப்பவேணும். பிள்ளையளைப் பழக்கிற கோச் வர இன்னும் இருபது நிமிசம் கிடக்கு. உந்த வாங்கிலை இருங்கோ.

ஓமோம், தமிழ்தான். மூஞ்சியைப் பாக்கத் தெரியேல்லையே? பேர் அகஸ்ரின், ஊர் குருநகர். இஞ்சை எல்லாருக்கும் கஸ். தொண்ணூறிலை இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தனான், ஆறு வருசமா இந்தப் பள்ளிக்கூடத்தைத்தான் கூட்டுறன்.

எங்கை, பையைத் திறவுங்கோ பாப்பம். ம்ம்... ஓம், பச்சைத் துணியிலை வெட்டின, பள்ளிக்கூடப் பேரின்ரை முதல் எழுத்து. அவ்வளவுதான். மெடல் இல்லை, எத்தினையாம் இடமெண்டும் இல்லை. வருசம் முழுக்க வொலிபோல் எண்டு ஓடினதுக்கு இந்தத் துண்டோ எண்டு கேக்கிறியள். நியாயந்தான், கை துடைக்கவும் காணாது. ஆனால் இதுக்கு இஞ்சத்தைப் பிள்ளையள் படுற பாடு உங்களுக்குத் தெரியாது. ஜக்கெற்றிலை நெஞ்சுக்கு நேரை தைச்சுப்போட்டு, அது மறைஞ்சிடுமெண்டு மைனஸ் இருபதிலையும் மேலை ஒரு கோட் போடாமல் விறைச்சுக்கொண்டு திரியுதுகள்.

ஆருக்குக் குடுக்கிறதெண்டு எப்பிடி முடிவெடுக்கினமோ? அப்பிடிக் கேளுங்கோ. நல்லா விளையாடினால் போதுமெண்டு நானும் நினைச்சனான். இல்லை. கோச்சின்ரை அறைக் கதவிலை ஒரு தாள் ஒட்டிக் கிடக்கு. பிறக்ரிசுக்கு வந்தால் ஒரு புள்ளி. மற்றப் பள்ளிக்கூடத்தோடை மச் எண்டால் ரெண்டு. பிந்தி வந்தால் அரை போச்சு. நாப்பது எடுத்தால் எழுத்து, முப்பத்தொம்பதெண்டால் கையைக் குலுக்கி அனுப்பிவிடுவா. போன வருசம் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை, ஆறடி, அடிச்சால் பந்து வெடிக்கும். விடிய எழும்ப மாட்டாள், அவளுக்கும் இல்லை. தேப்பன் வந்து நிண்டு கத்தினார். கோச் தாளைக் காட்டினா, கதை முடிஞ்சுது.

உங்கடை துர்க்காவை ஏன் தெரியாமல்? நான் ஜிம் கதவைத் திறக்க முதலே வெளியிலை நிண்டு குளிருக்குத் துள்ளிக்கொண்டு நிப்பாள். விளையாட்டைப் பற்றி மட்டும் என்னட்டைக் கேளாதேங்கோ. சேர்வ் போட்டால் பாதி நெற்றுக்குள்ளை, மிச்சம் என்ரை லைற்றுக்குள்ளை. ரெண்டு பல்ப் மாத்தினனான். கோவியாதேங்கோ, பகிடிக்குச் சொல்லுறன்.

பேந்தெப்பிடி அவளுக்குக் கிடைச்சதோ? அதுக்குத்தானே வாறன். இந்த முறை கடைசியிலை உங்கடை மகளும் இன்னொருத்தியுமா ரெண்டு பெட்டையள் முப்பத்தொம்பதிலை வந்து நிண்டுட்டாளவை. கோச் தன்ரை கையாலை ஒரு புள்ளி போடலாம், ஒராளுக்கு மட்டும். பிறக்ரிஸ் முடிய நெற்றைக் கழட்டிச் சுருட்டி, பந்தெல்லாம் பொறுக்கி வைக்கிற பிள்ளைக்கு. அவாவோ விசில் ஊதின கையோடை காருக்கு ஓடிடுவா, அவாக்கெங்கை தெரியும்? தும்புத்தடியோடை நிக்கிறவனைத்தானே கேக்கவேணும். கஸ், நீதானே எல்லாத்தையும் பாக்கிறனி, ரெண்டு பேரிலை ஆர் எண்டு கேட்டா.

சிரிக்காதேங்கோ அண்ணை. கோச்மார் முடிவெடுக்கிறது உப்பிடியுந்தான்.

நான் வாளித் தண்ணியை மாத்திக்கொண்டு வாறனெண்டு போய், பைப்பைத் திறந்துபோட்டு நிண்டனான். வாளி வழிஞ்சு சப்பாத்து நனைஞ்ச பிறகுதான் பூட்டினன். துர்க்கா ஒருநாளும் நெற் சுருட்டாமல் போனதில்லை. மற்றவள் நல்ல கெட்டிக்காரி, அவள் எழும்பி அடிக்கேக்கை நான் கூட்டுறதை விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிப்பன். ஆனால் விசில் ஊத முதல் பை தோளிலை. நான் நிக்கிற பக்கம் திரும்பியும் பாக்கமாட்டாள். ஒரு பொய் வாய்வரைக்கும் வந்தது, மெய்யாச் சொல்லுறன். பேந்து போய், துர்க்கா எண்டன்.

அதாலை சொல்லுறன், உதை அப்பிடியே பைக்குள்ளை வையுங்கோ. கோச்சை ஒண்டும் பாக்கவேண்டாம். வீட்டை கொண்டுபோய் வடிவாத் தைப்பிச்சுக் குடுங்கோ. கப் ஆரும் கடையிலை வாங்கலாம்.

மற்றப் பிள்ளையோ? கிறிஸ்ரினா எண்டு. கஸ்தான் சொன்னவர் எண்டு கோச் எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டா. வெள்ளிக்கிழமை தொடக்கம் என்னோடை கதையில்லை, சாப்பாட்டையும் அறைக்குள்ளை கொண்டுபோய்ச் சாப்பிடுறாள். ஓம் அண்ணை, என்ரை மகள்தான். தேப்பன்தான் இஞ்சை கூட்டுறதெண்டு ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமெண்டு முதல்நாளே என்னட்டைக் கேட்டவள். கோச்சுக்கும் இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ.