தாண்டவராயனுக்குக் கண்ணீர் அஞ்சலி

அட, கதவாண்ட நின்னுகினு பேஜார் பண்ணாத கண்ணாயிரண்ணா, ஒக்காரு. தாண்டவராயனுக்கு அஞ்சலி பேனர் தான? பாடிய சாய்ங்காலம் தான எடுக்கறீங்க, அதுக்குள்ள அடிச்சிக் குடுத்துடறேன். மொதலாளி இருந்தா இன்னா, செங்கல்பட்டு போயிருந்தா இன்னா, டிசைன் பண்றது இந்தப் பூங்கொடி தான?

இந்தா, போட்டோவ நீயே பாத்து சொல்லு. மின்ன இருந்த கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு ஃபைலா தொறந்து பாக்கணும், தாவு தீந்துடும். இப்ப புதுசு போட்டுருக்காங்க. பேர்ல ரெண்டு எழுத்து அடிச்சா போதும், வந்து நிக்கிறாரு பாரு தலைவரு. பொறந்த நாளு, கட தெறப்பு, காது குத்து, எல்லாத்துலயும் அதே வெள்ள சட்ட, அதே கும்புடு. சின்னதா கீதா? கண்ட்ரோல புடிச்சிகினு வீல உருட்டுனா பெருசாவும். ஸ்பேஸ் தட்டுனா முழு படமும் தெரியும், தொறக்கவே வேணாம். இன்னா மூஞ்சி! நான் அழுவேன்னு பாக்காதண்ணா. காலைல சேதி கேட்டதும் ரெண்டு இட்லி எச்சா துன்னேன்.

மொறைக்காத. இங்க பாரு, ஒரு படத்த அழிக்கணும்னு டிலீட் அழுத்துனா, நெசமாவே அழிக்கவானு கேக்குது. ஆமானு சொன்னாலும் ட்ராஷ்ல பத்திரமா போட்டு வெக்குது, மனசு மாறுனா திரும்ப எடுத்துக்கலாம். மிஷினு அது. அதுக்கே ஒரு வார்த்த கேக்கணும்னு தெரியுது. நீங்க கேட்டீங்களா?

எதயா? எந்தம்பி லோகு பேனரண்ணா. கோவளத்துல படகு கவுந்து போனானே, பாடி கெடைக்கவே இல்ல. மால போடறதுக்கு எங்களுக்குனு இருந்தது கேளம்பாக்கம் முக்குல கட்டுன அந்த பேனர் ஒண்ணு தான். இதே சேர்ல ஒக்காந்து அழுதுகினே நான் பண்ணது. எங்கம்மா தெனம் அங்க போய் நின்னுட்டு வரும். காரியம் கூட முடில, தாண்டவராயனுக்குப் பொறந்த நாளுன்னு நீ தான ஏணி போட்டு ஏறி அறுத்த? அறுத்து ஓரமா சுருட்டி வெச்சிருந்தா கூட எடுத்துகினு போயிருப்போம். கீழ விரிச்சி பிரியாணி அண்டாவ வெச்சீங்க, அவன் மூஞ்சி மேல. அண்டாவ நவுத்துங்கப்பானு எங்கம்மா கெஞ்சுது, உன் தலைவன் இலைல கைய வெச்சிகினே சிரிக்கிறான். அவன் செத்தது எனக்கு சந்தோசம் தாண்ணா. வாய தொறந்தே சொல்றேன்.

எங்க எந்திரிக்கற? வேற கடைக்குப் போனா அவன் போட்டோவ வெட்டி, கலர எடுத்து, பார்டர் வெக்கறதுக்குள்ள நீங்க கொளுத்திட்டே வந்துடுவீங்க. எங்கிட்ட லேட்டே ஆவாது. இதுல இன்னொரு வசதி கீது. அடிக்கடி பாக்கறத லெஃப்ட் சைடுல பின் பண்ணி வெச்சிக்கலாம், தேடவே வேணாம். இதோ, மேல மொத பேரு. கருப்பு வெள்ள, பூ பார்டர், இமயம் சரிந்ததுன்னு எழுத்து, கீழ கண்ணீருடன் வரிசைல உன் போட்டோ கூட கீது. எப்ப பண்ணேனா? பிரியாணி துன்னீங்களே, அன்னிக்கே பண்ணிட்டேன். மூணு வருசமா கட தொறந்ததும் மொத வேலையா இதத் தான் தொறந்து பாக்கறேன். செத்த தேதி மட்டும் தான் காலியா கீது. நீயே சொல்லுண்ணா, உன் வாயால கேட்டு அடிக்கறேன்.