மீளர் குலத்துச் சிற்றாறான்

இந்த வருஷம் சாரல் நேரத்தோடு ஆரம்பித்துவிட்டது, மேடம். ஈரக்காற்று அடித்தால் காகிதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஜெராக்ஸ் மெஷினில் சிக்கும். அதனால் மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு மணிவரை மெஷினை நிறுத்திவிடுவேன். தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஞானதுரை அந்த நேரத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான் என்று. சும்மா இல்லை. அப்போதுதான் நான் விளையாடுவேன்.

விளையாட்டைப் பற்றியும் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அது இன்டர்நெட்டில் பல பேர் சேர்ந்து ஆடுகிற ஒரு கற்பனை உலகம். மலை, காடு, கோட்டை எல்லாம் உண்டு. ஆளுக்கொரு இனத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு பெயர் வைத்துக்கொண்டு, அந்த ஆளாகவே பேசிப் பழக வேண்டும். சண்டை போட வருகிறவர்கள் தனி. எனக்கும் என் கூட்டாளி இசக்கியப்பனுக்கும் சண்டையில் ஆர்வமில்லை. தமிழ் ஆட்கள் மட்டும் சேர்ந்து உள்ளே ஒரு ஊர் வைத்திருந்தோம். ஆறு வருஷம். அவன் ஊருக்குத் தலைவன், நான் அவனுக்கு மெய்க்காவலன். அங்கே அவன் பெயர் சிற்றாறான். அவன் இலஞ்சிக்காரன் அல்லவா, ஊர்ப் பக்கம் ஓடும் ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டான்.

போன வருஷம் ஜூலையில் இறந்தான். செண்பகாதேவி அருவிக்கு மேலே, போகக்கூடாது என்று போர்டு வைத்திருக்கும் இடத்துக்கு நாங்கள் இருவரும் குளிக்கப் போனோம். பாறையில் வழுக்கிவிட்டான், தண்ணீர் இழுத்துக்கொண்டது. அன்றைக்கு நான் கொடுத்த வாக்குமூலம் உங்கள் ஃபைலில் இருக்கும். யாரும் சந்தேகப்படவில்லை.

பதினாறு கழிந்ததும் அவன் அப்பா கடைக்கு வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏலே துரை, அவன் எந்நேரமும் ஒரு வெளையாட்டுக்குள்ளயே கெடப்பாம்லா. அதுக்குள்ள போறதுக்கு எனக்குச் சொல்லித் தாயேன். அவன் நடந்த எடத்த நானும் ஒருக்கப் பாத்துட்டு வாரேன்" என்றார்.

சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் மகனின் கம்ப்யூட்டரில் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதப் பழகினார். அவருக்கு ஒரு கிழட்டு வீரனை அமைத்துக் கொடுத்தேன். எங்கள் ஊர் வாசலில் மகன் கட்டிய மண்டபத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். யாரிடமும் பேச மாட்டார்.

நவம்பரில் விளையாட்டில் புதிதாக ஓர் இனத்தை விட்டார்கள். செத்துத் திரும்பி வந்தவர்கள். நாங்கள் தமிழில் மீளர் என்று வைத்துக்கொண்டோம். தான் யார் என்பது மீளனுக்குத் தெரியாது. தன்னை அறிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐம்பதாம் படிக்கு ஏறிய பிறகுதான் தன் சாவு அவனுக்கு நினைவு வரும். அதன்பின் யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஒழுங்காக வேஷம் கட்டுகிறவர்கள் இந்த மாதிரி விதியை மீற மாட்டோம்.

நான் ஒரு மீளனை உருவாக்கி, சிற்றாறான் என்று பெயர் வைத்து, மண்டபத்தில் மாமாவின் முன்னால் போய் நின்றேன். கிழட்டு வீரன் எழுந்து என்னை ஒருமுறை சுற்றி வந்தான். பிறகு "யாரு?" என்று கேட்டார். "எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்" என்று எழுதினேன்.

சொன்னார். தினமும் இரண்டு மணிக்கு வந்து சொன்னார். "தோப்புல நாயப் பாம்பு கடிச்சுச் செத்தப்ப நீ அழல. அதோட கழுத்து வார உங் கழுத்துல மாட்டிக்கிட்டு ரெண்டு நாள் திரிஞ்ச" என்று ஒருநாள் எழுதினார். இசக்கியப்பன் என்னிடம்கூடச் சொல்லாத விஷயம். கேட்கக் கேட்க எல்லாம் எனக்கே நடந்தது மாதிரி ஆகிவிட்டது. இப்போதும் அந்த வாரின் நாற்றம் எப்படி என்று என்னால் சொல்ல முடியும்.

துக்க வீடு என்பதால் அந்தத் தைக்கு அவர்கள் பொங்கலிடவில்லை. அன்று யோகலட்சுமி அத்தையும் மாமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். "ஒங்க அம்மா கேக்கா, அங்கன குளிருதான்னு" என்று மாமா எழுதினார். "இல்லை அம்மா" என்று எழுதினேன். மறுநாள், ஆறு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, அத்தை மீன் வாங்கி வரச்சொல்லிக் குழம்பு வைத்தார்களாம். இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று நீங்களே சொல்லுங்கள்.

மாமா உங்களிடம் கொடுத்த புகாரைக் காலையில் வாசித்துக் காட்டினீர்கள். "மொத வாரமே அது தொரப் பயதான்னு தெரிஞ்சுபோச்சு. நம்ம மனசு ஆறட்டும்னு மெனக்கெடுதான், அவனும் நம்ம பிள்ளதானன்னு இருந்தேன்" என்று சொல்லியிருக்கிறார். கோபத்தில் சொல்கிறார், மேடம். நான் அவ்வளவு மோசமாக வேஷம் கட்டுகிறவன் இல்லை.

போன வாரம் சிற்றாறான் ஐம்பதாம் படிக்கு ஏறினான். ஊரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அறிவிப்பு வரும். மாமா பார்த்துவிட்டார்.

"எப்படிய்யா செத்த?" என்று கேட்டார்.

வழுக்கி விழுந்தேன் என்று எழுதியிருக்கலாம். எழுதவும் ஆரம்பித்தேன். ஆனால் ஏழு மாதமாகச் சிற்றாறான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. பெற்ற அப்பாவிடம் போய் அவனை எப்படிப் பொய் சொல்ல வைப்பது? அதனால் நடந்ததை எழுதினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

இசக்கியப்பன் எஸ்.ஐ. பரீட்சையில் தேறியிருந்தான். அன்று பாறையில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டே, "லே துரை, இனிமே இதுக்கெல்லாம் நேரங் கெடையாது பாத்துக்கோ. வீட்டுக்குப் போனதும் சிற்றாறான அழிச்சிரப் போறேன். நீயும் காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அழிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை, ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

நான் தள்ளவில்லை. அவனாகத்தான் வழுக்கினான். அதுவரைக்கும் என் பழைய வாக்குமூலம் சரி. இடுப்புவரை தண்ணீருக்குள் போய்விட்டான், கால் பாவவில்லை. என் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டு "இழுலே" என்றான். எனக்குப் பின்னால் நல்ல வேர் ஒன்று இருந்தது, அதை இன்னொரு கையால் பிடித்திருந்தேன். இழுத்திருக்கலாம். நான் பதறவில்லை, யோசித்தேன். இவனைக் கரையேற்றினால் இவன் வீட்டுக்குப் போய்ச் சிற்றாறானை அழிப்பான். இரண்டு பேரில் ஒருவன்தான் இருக்க முடியும் என்று அவனேதான் முடிவு செய்திருக்கிறான். எவன் என்பதை மட்டும் நான் தீர்மானித்தேன்.

கையை விட்டுவிட்டேன் என்று உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறார். அதைத் திருத்த வேண்டும். நான் அவனைப் பிடிக்கவே இல்லை, பிடித்திருந்தது அவன். சுண்டு விரலில் ஆரம்பித்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இரண்டாவது விரலுக்கு மேல் அவன் எதுவும் பேசவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிற்றாறான் இதைத்தான் தன் அப்பாவிடம் சொன்னான். மாமா, "விரல எடுத்தவன் பேரு என்னய்யா?" என்று கேட்டார். விதிப்படி அதையும் மறைக்கக் கூடாது. சொன்னான். மாமா உடனே விளையாட்டை விட்டு வெளியே போய்விட்டார். சாயங்காலம் உங்கள் ஜீப் வந்தது.

கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். ஐந்து நாளாகச் சிற்றாறான் அந்த மண்டபத்தில் தனியாக நிற்கிறான். மாமா எட்டிப் பார்த்திருக்க மாட்டார். கோபம் என்மேல், அது நியாயம்தான். ஆனால் அவன் என்ன செய்தான்? மாமாவிடம் எடுத்துச் சொல்லுங்கள், மேடம். கொன்றவன் நான். அதற்காக, செத்தும் திரும்பி வந்த பிள்ளையை ஒரு தகப்பன் இப்படிக் கைவிடலாமா?