மச்சானின் நேரம்

சதுரங்கத்தில் நான் அவசரப்படுகிறவன் இல்லை, சார். மற்றவர்கள் நடுச் சிப்பாயைத் தள்ளி நேரே மல்லுக்கு நிற்பார்கள். நான் ராணிப் பக்கத்துச் சிப்பாயில் ஆரம்பித்து, பிஷப்பை மூலையில் பதுக்கி, பக்கவாட்டில் மெல்ல வருவேன். ஃப்ளாங்க் ஓபனிங் என்பார்கள். "எதையும் நேரா செய்யத் தெரியாத மனுஷன்" என்பாள் என் மனைவி.

அன்று லீக் ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர் அவளுடைய அண்ணன். எலெக்ட்ரீஷியன், எதிர் கிளப்புக்கு ஆடுகிறவர். மற்ற பலகைகள் முடிந்து இரு அணியும் சரிசமமாக நின்றன. நான் ஜெயித்தால் எங்கள் கிளப் மேல் பிரிவுக்குப் போகும்.

மச்சான் மேல் எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். வீட்டில் என்னிடம் தோற்கிறவர் லீக்கில் மட்டும் ஜெயிப்பாரா? அன்றும் அடிக்கடி பாத்ரூம் போய், வியர்த்த முகத்தோடு திரும்பினார். செல்போனைப் பார்த்து ஆடுகிறார் என்று முடிவுகட்டினேன். அடுத்த முறை அவர் எழுந்து போனதும் நாற்காலியில் தொங்கிய கோட்டைத் துழாவினேன். செல்போன் இல்லை. நாக்கடியில் வைக்கிற மாத்திரை டப்பா இருந்தது. என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் தடுமாறுவார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் கோட்டைத் தடவினார்.

"மாப்ள, என் டப்பாவப் பாத்தீங்களா?"

ஆட்டத்தின் நடுவில் எதிராளியிடம் பேசக் கூடாது. கடிகாரத்தைக் காட்டினேன். அவர் ஆட வேண்டிய முறை. அவருடைய நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது, அது தீர்ந்தால் அவர் தோற்றதாகக் கணக்கு.

"நெஞ்ச அடைக்குது மாப்ள."

தோற்கப்போகிறவர்களுக்கு வராத நோயா என்று நினைத்தேன். உதடு நீலமானபோது நடிப்பில்லை என்று தெரிந்துவிட்டது. மற்றவர்கள் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் ஹாலின் மறுகோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு காய்களைப் பெட்டியில் அடுக்கினார். கூப்பிட்டால் கடிகாரத்தை நிறுத்திவிடுவார். மச்சானின் தலை கைமேல் கவிழ்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யோசிக்கிறவர் மாதிரிதான் இருக்கும். நானும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் சைபரைக் காட்டியதும் நடுவரைக் கூப்பிட்டேன். முதலில் கடிகாரத்தைத்தான் காட்டினேன்.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. மாத்திரை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். ஆமாம், தெரிந்தேதான் சாகவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள் மனைவி, அது வலிக்கிறது. ஆனால் லீக்காரர்கள் அந்த வெற்றியை ரத்து செய்யப்போகிறார்களாமே, அது அநியாயம், சார். கடிகாரத்தில் நான் கைவைக்கவே இல்லை.