போயிட்டு வாங்க, மாப்பிள்ளை

விளக்கைத் தணிக்க வேண்டாம். இது இருட்டில் நடந்த கதை இல்லை.

உச்சி நேரம். மணி பன்னிரண்டு. ரெங்கத்துக்கு மேற்கே ஒரு ரப்பர் தோட்டம். அதன் கடைசி வரிசை மரங்களைத் தாண்டிக் காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதை. மாசி மாசத் தொடக்கம். ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றன. தரை முழுக்கச் சருகு. அணில் ஓடினாலும் காதில் விழும். அந்தப் பாதையில் ஒரே ஓர் ஆள். கையில் நனைந்த சாக்கு மூட்டை.

அவர் பெயர் செல்லப்பன். செனாயில் கடை வைத்திருக்கிறாரே என் நண்பர் சபாபதி, அவருக்குப் பெரியப்பா. நம் வீட்டில் நடந்ததில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர்களும் குறைந்த குடும்பம் இல்லை. காடு வெட்டித் தோட்டம் போட்ட முதல் கூட்டத்தில் வந்தவர்கள். மாசிப் பூசையில் முனியாண்டி சன்னிதியில் முதல் மரியாதை செல்லப்பனுக்குத்தான். பரிவட்டம் அவர் தலையில்தான். ஆறு வருஷம் அப்படி.

அந்த முனி கஞ்சா கேட்கும் சாமி. முகம் சுளிக்காதீர்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. யார் கொண்டுவந்ததைப் பூசாரி சாமிக்கென்று ஏற்கிறாரோ, அவருக்குத்தான் பரிவட்டம். தோட்டத் துரைக்குத் தெரிந்தால் வேலைச் சீட்டைக் கிழித்துவிடுவார். போலீசுக்குத் தெரிந்தால் ஜெயில். அதனால் சீனர்கள் மிளகு போட்டுக் கைவிட்டுப்போன ஒரு மேட்டில், புதருக்கு நடுவே ஒளித்துப் பயிர் செய்தார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் செல்லப்பனுடைய செடிகள். அந்தப் பக்கம் அய்யாவு என்ற இன்னொரு தோட்டத்து ஆளுடையவை. அங்கே போவதும் உச்சி வேளையில்தான். துரை சாப்பிட்டுத் தூங்கும் நேரம். முனி நடமாடும் என்று, கூலிக்காரர் வீட்டு வரிசையான லயத்தில் மற்ற எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்ளும் நேரம்.

லயத்தில் யாரும் கஞ்சா என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'கல்யாண வீடு' என்பார்கள். பெண் செடிகள் 'பொண்ணுங்க'. ஆண் செடி 'மாப்பிள்ளை'. மாப்பிள்ளை பூத்து, அவன் தூள் பொண்ணுங்கள் மேல் விழுந்தால் தொலைந்தது. கதிரெல்லாம் விதை பிடித்துவிடும். சாமிக்கு ஆகாது. அதனால் மாப்பிள்ளை தலைகாட்டியதுமே வேரோடு பிடுங்கி ஓடையில் விட்டுவிடுவார்கள். விடும்போது ஒரே ஒரு சொல்தான் சொல்லவேண்டும்.

'போ.'

வாசலுக்கு வந்த யாரையும் நாம் அப்படி அனுப்புவதில்லை. போயிட்டு வாங்க என்றுதான் சொல்வோம். ஆனால் மாப்பிள்ளையிடம் மட்டும் அந்த 'வா' வரவே கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இது நடப்பதற்கு முந்தின வருஷப் பூசையில் பூசாரி வீரமுத்து இரண்டு பொட்டலங்களையும் மோந்து பார்த்தார். செல்லப்பனுடையதைக் கீழே வைத்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த அய்யாவு, பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை, அவன் தலையில் பரிவட்டம் ஏறியது. ஊரே பார்த்தது. அந்தத் துணியோடு வந்து அய்யாவு செல்லப்பன் காலைத் தொட்டான்.

"எல்லாம் உங்களைப் பாத்துக் கத்துக்கிட்டதுதாண்ணே."

அவன் இளக்காரமாகச் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். அந்தப் பணிவைத்தான் செல்லப்பனால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி கருப்பாயி வேறு, "பரிவட்டம் போனா என்ன, எங்கிட்ட ஒரு பழைய துண்டு இருக்கு, கட்டி விடட்டுமா?" என்றாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அய்யாவு வாளி நிறைய ரப்பர் பால் கொண்டுவந்து ஊற்றினால் எரிந்தது. பாட்டுப் பாடிக்கொண்டு மரம் சீவினால் எரிந்தது. அவன் தும்மினாலும் எரிந்தது.

அடுத்த வருஷம் செல்லப்பன் தன் பக்கத்தில் ஒரே ஒரு மாப்பிள்ளையைப் பிடுங்காமல், தனியே மறைவில் பூக்க விட்டார். அதுதான் அந்தச் சாக்கில் இருந்தது.

ஓடையைத் தாண்டினார். அய்யாவுடைய செடிகள் ஆள் உயரம். கதிர்கள் பிசுபிசுவென்று... கனத்துக் குனிந்திருந்தன. எலுமிச்சைத் தோலும் நனைந்த ஆட்டுத்தோலும் கலந்த மாதிரி ஒரு வாடை. அதை மோந்ததும் செல்லப்பனுக்கு வயிறு பற்றி எரிந்தது. இவ்வளவு நல்ல வாடை தன் செடியில் ஒருநாளும் வந்ததில்லை.

சாக்கை அவிழ்த்தார். செடியைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். வெளிர் மஞ்சள் தூள். காற்றே இல்லை. ஆனாலும் தூள் மெல்ல மெல்லப் பரவி ஒவ்வொரு கதிரிலும் போய் உட்கார்ந்தது.

"வாங்க மாப்பிள்ளை," என்றார் செல்லப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்லாப் பாத்துக்குங்க. எல்லாம் அய்யாவு பெத்த பொண்ணுங்க."

அய்யாவு பார்த்தால், தானே கவனிக்காமல் விட்ட செடி என்று நினைக்கட்டும். நடுவில் குழி பறித்து அந்தச் செடியை ஊன்றிவிட்டுத் திரும்பினார்.

சரக்...

நின்றார்.

சரக்... சரக்... சருகை மிதித்து யாரோ வருகிறார்கள். அவசரமே இல்லாத நடை. அய்யாவாக இருக்குமோ?

அய்யாவு இல்லை. முன்பின் பார்த்திராத வாலிபன். புது வேட்டி, மடிப்புக் கலையாமல். இரண்டு தோளிலும் வெளிர் மஞ்சளாக ஏதோ தூசி. காலடியில் நிழல் இருந்ததா என்று கேட்காதீர்கள். உச்சி வேளையில் யாருக்குமே நிழல் தெரியாது.

"மாமா," என்றான். "பொண்ணு வீடு எது?"

கல்யாணத்துக்கு வந்து வழி தவறிய ஆள் என்றுதான் செல்லப்பனுக்குத் தோன்றியது. இந்த இடத்தில் நிற்கவிடக் கூடாது, சீக்கிரம் அனுப்ப வேண்டும். அந்த நேரத்திலும் அவர் புத்தி எங்கே போனது பாருங்கள்.

"அய்யாவு வீடா? மேல லயம், கடைசி வீடு."

வாலிபன் தலையை ஆட்டினான். "அங்க பொண்ணு இல்லையே மாமா."

ஓடைச் சத்தம்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் மாமா என்று கூப்பிட்டவனிடம் முகத்தைச் சுளிப்பது செல்லப்பன் வளர்ந்த வீட்டில் இல்லாத பழக்கம். வாய் தானாகச் சொல்லியது.

"சரி... போயிட்டு வாங்க, மாப்பிள்ளை."

அவன் சிரித்தான். திரும்பி நடந்தான். முழங்கால் ஆழச் சருகு. வரும்போது அப்படிச் சத்தம் போட்ட சருகு... இப்போது ஒரு சத்தமும் இல்லை.

செல்லப்பன் பின்னால் பார்த்தார். ஊன்றிய செடியைக் காணவில்லை. குழி மட்டும் ஈரமாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்?

மாசிக் கடைசியில் பூசை. உடுக்கை அடித்தார்கள். வீரமுத்து முதலில் அய்யாவுடையதைப் பற்றவைத்தார். பட்... பட்... விதை வெடித்துத் தீப்பொறி பறந்தது.

"என்னடா அய்யாவு, சாமிக்குக் கடுகு தாளிக்கிறியா?"

கூட்டம் சிரித்தது. அய்யாவு கையிலிருந்த கதிரைப் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்துக்கொண்டே நின்றான். அடுத்ததாகச் செல்லப்பனுடையதைப் பற்றவைத்தார்கள். புகை நூல் பிடித்த மாதிரி நேராக எழுந்தது. பரிவட்டம் அவர் தலைக்கு ஏறியது. ஒரு வருஷமாக வயிற்றில் இருந்த நெருப்பு அன்றுதான் அணைந்தது. அய்யாவு தன்னைப் பார்க்கிறானா என்று தேடினார். பார்க்கவேண்டும், நன்றாகப் பார்க்கவேண்டும்...

அப்போது காதருகில், வெகு மரியாதையாக ஒரு குரல்:

"மாமா."

திரும்பினார். யாரும் இல்லை. அந்த வாடை மட்டும். எலுமிச்சைத் தோல். நனைந்த ஆட்டுத்தோல்.

நிமிர்ந்து பார்த்தார். சூரியன் உச்சியில் இருந்தது.

வீட்டில் ராஜம்மா தனியாக இருந்தாள். அவருடைய ஒரே மகள், வயது பதினாறு. கோயிலுக்கு வரக்கூடாத நாள் என்று விட்டுவிட்டு வந்திருந்தார்கள். செல்லப்பன் பரிவட்டத்தோடு ஓடினார். கருப்பாயி பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினாள்.

ராஜம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பயந்த மாதிரியே இல்லை.

"அவரு வந்துட்டுப் போனாருப்பா."

"யாரும்மா?"

"பேரு சொல்லல. நீங்கதான் போயிட்டு வரச் சொன்னீங்களாமே?"

அவள் இரண்டு தோளிலும் வெளிர் மஞ்சள் தூள். செல்லப்பன் தலையிலிருந்த பரிவட்டத்தை உருவி, அதாலேயே துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரமே அவர் அய்யாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அய்யாவு அவரை ஏசவில்லை. ராஜம்மாவை ஒருமுறை பார்த்தான். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தை விட்டே போய்விட்டான்.

ராஜம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் வெற்றிலைத் தட்டை நீட்டி, "எனக்குத்தான் ஆயிடுச்சே," என்பாள், மிகச் சாதாரணமாக. செல்லப்பன் நாலு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். கருப்பாயியும் போன பிறகு, சபாபதிதான் அக்காவைச் செனாய்க்கு அழைத்துக்கொண்டு வந்து வைத்திருந்தார். மாசி வந்தால் மட்டும் உச்சி வேளையில் தலைவாரிப் பூ வைத்து வாசலில் உட்காருவாளாம். அவர்கள் அதைப்பற்றி வெளியே பேசுவதில்லை. பேசாமல் இருந்ததும் சரிதான்.

போன மாசியில் அவள் இறந்தாள். துக்கத்துக்கு நானும் போயிருந்தேன். பகல் பன்னிரண்டுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரியும், சாவு வீட்டில் யாரும் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். சொல்லாமல் போனார்கள். சபாபதி வாசலில் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார்.

யாரோ ஒருவர் மட்டும் சொன்னார். என் காதால் கேட்டேன்.

"போயிட்டு வரேன், மாமா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். யாரும் இல்லை.

சபாபதிக்கு ஒரே மகள், செல்வராணி. அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள், எதையோ தோளிலிருந்து தட்டிவிட்டாள்.