லோனியின் பச்சைக் கோடு

ஒரு பிக்கப் வண்டியை ஆறு அங்குலம் உயர்த்துவதில் பிரமாதமான வித்தை எதுவும் கிடையாது. நல்ல ஜாக்கி, வண்டியைத் தாங்க நாலு இரும்புக் கால்கள், ஒரு சனிக்கிழமை, சண்டை போடாத மூன்று பேர், இவ்வளவு இருந்தால் போதும். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி உயரமான ஸ்பிரிங்கைப் போட வேண்டும். அதற்குத் தகுந்தாற்போல் ஸ்டீயரிங் பாகங்களை மாற்ற வேண்டும். கடைசியில் பெரிய டயர்களை மாட்ட வேண்டும். எங்கள் ஆர்க்கன்சா மலைப்பக்கத்தில் உயர்த்தாத பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வருகிறவனைத் தபால்காரன் என்று கேலி செய்து, "தபால் ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்பார்கள்.

துணை ஷெரிஃப் அம்மா, நீங்கள் கொடுத்த தாளில்தான் இதை எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், அவசரமில்லை என்றீர்கள். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் வெண்டல் டாக்கெட், வயது அறுபத்தொன்று. மரம் ஏற்றும் லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். லோனி ஸ்ட்ரிக்லன் என்பவனைப் பற்றி ஊர் நினைத்துக்கொண்டிருப்பது தவறு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நட்டை இறுக்கியவன், தன் பெயிண்ட் பேனாவால் நட்டிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு கோடு போடுவான். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம். இரண்டாக விலகியிருந்தால் நட்டு கழல்கிறது. ஆளுக்கொரு நிறம். எனக்கு மஞ்சள், கர்ட்டிஸுக்குச் சிவப்பு, லோனிக்குப் பச்சை. ஒருவன் கோடு போட்ட நட்டில் இன்னொருவன் ஸ்பேனர் வைக்க மாட்டான். வைத்தால் அவனைப் பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. மூத்தவன் என்பதால் எனக்கு மட்டும் எந்தக் கோட்டையும் பார்வையிட உரிமை உண்டு. "வெண்டல் பாத்துட்டாரா? அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டி கர்ட்டிஸ் பாக்ஸுடையது. அவன் மனைவி டார்லா இரண்டு வருஷம் துணிக்கடையில் கூடுதல் நேரம் நின்று சம்பாதித்து, அவனுடைய பிறந்தநாளுக்கு அந்த ஸ்பிரிங்குகளையும் டயர்களையும் வாங்கிக் கொடுத்தாள். லோனி தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறவன். முன்பு மோசமான குடிகாரன். நாங்கள் வண்டியை உயர்த்திய, இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஏப்ரலில், அவன் குடியை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் குடி விட்டவர்கள் கூட்டத்துக்குப் போவான்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தபோது என் வலது கையிலிருந்து கோடாலி நழுவியது. திரும்பப் பிடிக்க விரல் மடங்கவில்லை. வாயும் சற்றுக் கோணியிருந்ததைக் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு நாளில் வாய் சரியாகிவிட்டது. கையில் பாதி பலம் திரும்பவே இல்லை. நான் மருத்துவரிடம் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. தோளில் சுளுக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சனிக்கிழமை கர்ட்டிஸின் கொட்டகையில் வேலை ஆரம்பமானது. டார்லா சுடச்சுட பன் ரொட்டியும் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மூணு பேருக்கும் சேத்து ஒரு மூளைதான் இருக்கு, அதைப் பாத்து செலவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் டயர்களை உள்ளே உருட்டினோம். ஒன்றைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனேன். முப்பத்தைந்து அங்குல டயர், சக்கரத்தோடு சேர்த்து ஒரு கன்றுக்குட்டி கனம். இடுப்பு உயரம் வந்ததும் வலது கை விட்டுவிட்டது.

கர்ட்டிஸ் சிரித்தான். "என்ன பெரியவரே, டார்லாவைக் கூப்புடட்டுமா? அவ ஒரே கையில தூக்கிருவா."

நானும் சிரித்தேன். கர்ட்டிஸின் கிண்டல் எனக்கு உறைக்கவில்லை, அவன் எல்லோரையும் அப்படித்தான் பேசுவான். லோனிதான் சிரிக்கவில்லை. அவன் என் கையைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். வந்து டயரின் மறுபக்கத்தைப் பிடித்தான். பாரத்தை முழுக்கத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, நான் தூக்குவதாகக் கர்ட்டிஸுக்குத் தெரியும்படி நடந்தான். எனக்கு அவன் செய்தது பெரிய உதவி. அவனை அன்று நான் வெறுத்த அளவுக்கு யாரையும் வெறுத்ததில்லை.

இப்போது அந்த நட்டு. ஸ்டீயரிங் பெட்டியின் அடியில் வளைந்த இரும்புக் கை ஒன்று உண்டு. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அதுதான் சக்கரங்களைத் திருப்பும். வண்டியை உயர்த்தும்போது அதைக் கழற்றிவிட்டு நீளமானதைப் போட வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு நட்டு. நீள ஸ்பேனரில் நூற்றெண்பத்தைந்து என்ற எண்ணை வைத்து, மல்லாந்து படுத்தபடி இழுக்க வேண்டும். அந்த அளவு இறுக்கம் வந்ததும் ஸ்பேனர் டிக் என்று சத்தம் போடும். அது கைபலம் உள்ளவன் செய்கிற வேலை, எப்போதும் என் வேலை.

மூன்று தடவை இழுத்தேன். சத்தம் வரவில்லை. வெளியே இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். "பெரியவரே, தூங்கிட்டீரா?" என்றான் கர்ட்டிஸ். லோனி குனிந்து, "நான் ஒரு கை குடுக்கட்டுமா, வெண்டல்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"உன் வேலையைப் பாரு" என்றேன்.

ஸ்பேனரின் எண்ணைத் தொண்ணூறுக்குக் குறைத்தேன். இழுத்தேன். டிக் என்றது. வெளியே அவர்கள் மறுபடியும் பேச ஆரம்பித்தார்கள். பக்கத்தில் லோனியின் பச்சைப் பேனா கிடந்தது, அதை எடுத்துக் கோடு போட்டேன். என்னுடையது கைக்கு எட்டவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் மஞ்சள் பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது, அம்மா. பொய்யான நட்டில் என் நிறத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. லோனியின் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அவன் தன் பேனாவைத் தேடிவிட்டு, கடைசியில் வேறு ஒன்று வாங்கிக்கொண்டான்.

ஒருநாள் தடுமாற்றம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைக்கவே விரும்பினேன். ஆனால் ஐநூறு மைல் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது விதி. மே மாதம் கர்ட்டிஸ் கூப்பிட்டான். "ஐநூறு ஆச்சு பெரியவரே. ஸ்டீயரிங் லேசா ஆடுற மாதிரி இருக்கு. வந்து பாருமய்யா, மீன் வறுக்கிறேன்."

ஞாயிறு ஆராதனை முடிந்து போனேன். கர்ட்டிஸ் முற்றத்தில் கெளுத்தி மீன் வறுத்துக்கொண்டிருந்தான். நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். பச்சைக் கோடு ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. ஸ்பேனரை வைத்து இழுத்தேன். கையில் பலம் போதவில்லை, டிக் சத்தம் வரவே இல்லை. கர்ட்டிஸ் பத்தடி தூரத்தில், என்னைவிட இரண்டு மடங்கு பலத்தோடு நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டிருந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்திருப்பான், ஒரு நிமிஷ வேலை. நீளமான குழாய் ஒன்றை ஸ்பேனரில் மாட்டி இழுத்தால் எனக்கே முடியும், திங்கட்கிழமை கொண்டுவரலாம் என்று நினைத்தேன். அதுவரை கோடு விலகிக் கிடந்தால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று பழைய கோட்டைத் துணியால் துடைத்தேன். லோனியின் பேனா என்னிடம் இருந்தது. புதிதாக, நேராக ஒரு கோடு போட்டேன்.

வெளியே வந்து கையைக் கழுவினேன். டார்லா எனக்குத் தட்டில் மீன் வைத்தாள். "வண்டி ஓகேவா, வெண்டல்? நாந்தான் இதுல அதிகமாப் போறேன். இந்த மனுஷன் கேட்டா உண்மையைச் சொல்ல மாட்டான், நீங்க சொல்லுங்க."

"டயர் புதுசும்மா. பழகினா சரியாயிடும்" என்றேன்.

திங்கட்கிழமை மழை. செவ்வாய்க்கிழமை எனக்கு உடம்பு சரியில்லை. புதன்கிழமை டார்லா தேவாலய விருந்துக்கு ஒரு பெரிய பாத்திரத்தில் பீன்ஸ் எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினாள். மூன்றாவது வளைவில் வண்டி திரும்பவில்லை, நேராகப் போய் ஓடைக்குள் விழுந்தது. பிரேக் பிடித்த தடம் சாலை விளிம்புவரை இருந்ததாகச் சொன்னார்கள். கடைசிவரை அவள் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளுக்கு முப்பத்தொன்பது வயது.

நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு நட்டு கழன்றிருக்கிறது என்றார். நட்டு ஓடையில் கிடந்தது, அதில் பச்சைப் பெயிண்ட் இருந்தது. விபத்து என்று கோப்பை மூடினார்கள். ஊர் மூடவில்லை. குடிகாரன் இறுக்கிய நட்டு என்று பேசினார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் லோனி என் வீட்டுக்கு வந்தான். "வெண்டல், அந்த நட்டை நான் தொடவே இல்ல. தொட்ட ஞாபகமே இல்ல எனக்கு. நீங்கதானே அடியில படுத்திருந்தீங்க?"

நான் அவனை உட்கார வைத்தேன். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "நான் பாதியில வெளிய வந்தேன்ல, தோள் வலிக்குதுன்னு? நீ உள்ள போனியே?" என்றேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவன் யோசித்தான். "அன்னைக்கி கர்ட்டிஸ் பியர் வச்சிருந்தான். உன் கோலாவும் அதே மாதிரி கப்புலதான் இருந்துது. நீ எந்தக் கப்பை எடுத்தேன்னு நிச்சயமாத் தெரியுமா, லோனி?" என்றேன். இந்தக் கேள்வியை நான் இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தேன்.

அவன் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குடித்தவனுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு, தன் ஞாபகத்தைத் தான் நம்பலாமா என்று. அது எனக்குத் தெரியும். மேசையைப் பிடித்துக்கொண்டு, "கடவுளே, எனக்குத் தெரியலையே" என்றான். அடுத்த வாரம் கர்ட்டிஸின் காலில் விழுந்து, தான்தான் அந்த நட்டை இறுக்கியதாகச் சொன்னான். கர்ட்டிஸ் அவன் தாடையில் அறைந்தான். நான் நடுவில் புகுந்து விலக்கிவிட்டேன். அதற்காக இருவருமே எனக்கு நன்றி சொன்னார்கள்.

அந்தக் கோடையிலேயே லோனி மறுபடி குடிக்க ஆரம்பித்தான். தீவனக் கடையில் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மனைவி பிள்ளைகளோடு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வாரம் ஒருமுறை அவனுக்கு மான்கறியும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊரில் என்னை நல்லவன் என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் கொண்டுபோவதை நிறுத்தவில்லை. அவனுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று பார்க்கத்தான் போனேன் என்பது எனக்குத் தெரியும்.

இது நடந்து இரண்டு வருஷம். போன வியாழக்கிழமை மத்தியானம் லோனி வந்தான். முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டிருந்தான். குடியை விட்டு ஆறு மாதம் என்றான். தாங்கள் யாருக்கெல்லாம் கெடுதல் செய்தார்களோ அவர்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொருவராகத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் கூட்டத்தில் ஒரு படி. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். அதில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது.

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினான். "முப்பது வருஷமா நீங்க சம்பாதிச்ச பேரு. அது மேல என் குடியால சேறு அடிச்சுட்டேன். நீங்க பாத்து ஓகே சொன்ன வண்டின்னு ஜனங்க உங்களையும் ஒரு மாதிரிப் பாத்தாங்க. நீங்க ஒரு வார்த்தை என்னைத் திட்டல. எனக்குச் சோறு கொண்டாந்தீங்க. என்னை மன்னிச்சுடுங்க, வெண்டல்."

அப்போது சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை, அவசரமும் இல்லை. நான் எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தேன்.

"மன்னிச்சுட்டேன்பா" என்றேன்.

அவன் அழுதான். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. அவன் பென்சிலால் என் பெயரை அடித்துவிட்டுப் போனான். அதன் பிறகு ரொட்டியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ருசி தெரிந்தது, இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டேன். பாவம் கழிந்தவன் மாதிரி மனசு அவ்வளவு லேசாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய நானே அவனை மன்னித்திருக்கிறேன் என்பது தட்டைக் கழுவும்போதுதான் உறைத்தது. அதைவிட அசிங்கமாக என்னை நான் உணர்ந்ததில்லை.

அந்த நட்டை நான்தான் குறைவாக இறுக்கினேன். கழல்கிறது என்று தெரிந்தே கோட்டை மறுபடி போட்டேன். டார்லா பாக்ஸ் இறந்தது என்னால். லோனி ஒரு தப்பும் செய்யவில்லை, அன்று அவன் கோலாவைத் தவிர எதுவும் குடிக்கவில்லை. முழு மனதோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு ஆண்மகன் தான் செய்ததைத் தானே முன்வந்து சொல்லிவிட வேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு.

ஒரே ஒரு வேண்டுகோள். லோனியிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள், அவன் வரும்போது நான் இங்கே இருக்க வேண்டாம்.