கார் முழு வேகத்தில் ஓடிய ஞாயிறு

மடத்துக்குளத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் என் மகள் கவிப்பிரியா வாந்தி எடுக்கமாட்டாள், சார். அதற்காகவே ஞாயிறு விடிந்ததும் நானே போய் இடம் பிடித்துக் கூட்டி வருவேன். எட்டு வயது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் எனக்கு. மற்ற நாளெல்லாம் பிரிந்துபோன அவள் அம்மாவோடு, மாமன் வீட்டில்.

போன சித்திரையில் அந்த மாமன் துபாயிலிருந்து ஒரு கேம் பெட்டி கொண்டுவந்தார். டிவியில் மாட்டினால் கார் பந்தயம். அடுத்த வாரமே கவி சொல்லிவிட்டாள்: "நான் வரலீங்கப்பா. உங்க ஊட்ல காரு இல்லீங்க."

அதே காரை இங்கேயும் ஓட்டலாம் கண்ணு என்று வாக்குக் கொடுத்தேன். கம்ப்யூட்டரை அந்தப் பெட்டி மாதிரியே நடிக்கவைக்கும் எமுலேட்டர் ஒன்று நெட்டில் கிடைத்தது. ஆனால் பெட்டிக்குள் கணக்குப் போட ஒரு சிப், படம் வரைய ஒன்று, சத்தத்துக்கு ஒன்று என்று எல்லாம் ஒரே தாளத்தில் ஓடும். கம்ப்யூட்டர் ஒற்றை ஆளாக அத்தனை வேஷமும் கட்ட வேண்டும். நெட் சென்டரில் போட்டுப் பார்த்தோம். நொடிக்கு அறுபது படம் ஓட வேண்டிய இடத்தில் ஒன்பது ஓடியது.

"காருக்குச் சளி புடிச்சிருக்குதுங்கப்பா," என்றாள் கவி. "அடுத்த வாரமும் இப்படின்னா நான் மாமனூட்லயே இருந்துக்கறேன்."

நான் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். எனக்குத் தெரிந்த வேகமான கம்ப்யூட்டர் எங்கள் ஆபீசில் இருந்ததுதான். சாய மெஷினை ஆறவைப்பதும், ஆறியதும் மணி அடிப்பதும் அதன் வேலை. மெஷினில் சூடு காட்டுகிற மீட்டர் ஆவி படிந்து மங்கி இரண்டு வருடமாகிறது. மணி கேட்டால்தான் மூடியைத் திறப்பார்கள்; ஆறாமல் திறந்தால் கொதிக்கிற சாயத் தண்ணீர் ஆள் மேல் பீய்ச்சியடிக்கும். அதுதான் எங்கள் வழக்கம்.

அடுத்த ஞாயிறு கவியை அங்கே கூட்டிப்போய் எமுலேட்டரைப் போட்டேன். வைரஸ் தடுக்கிற புரோகிராமை மூடினேன், நாற்பது வந்தது. சாய புரோகிராமையும் மூடினேன். அறுபது. கவி கைதட்டினாள். அப்பா என்று இரண்டு முறை கூப்பிட்டாள்.

மெஷின்காரர் நல்லான் எட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, உங்கப்பன் துணிக்குச் சாயம் போடறாரா, காருக்கா?" சிரித்துவிட்டு என்னிடம், "இன்னும் மணி அடிக்கலீங்களே, சார்," என்றார்.

பொறுங்கள் என்று இரண்டு தடவை அனுப்பினேன். மூன்றாவது தடவை வந்து நின்றுகொண்டார். "அதைக் கொஞ்சம் நிறுத்திப்போட்டு சூடு எத்தனைன்னு பாருங்க, சார்."

கவியின் முகம் வாடியது. கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். உள்ளே நூற்று முப்பது டிகிரி என்று பார்க்காமலேயே எனக்குத் தெரியும்.

"ஆறிருச்சுங்கண்ணா. தொறங்க," என்றேன்.

மெஷின் பக்கமிருந்து அலறல் சத்தம் வந்தபோது ஸ்பீக்கரைக் கூட்டிவைத்தேன். குழந்தை பயந்துவிடக்கூடாது இல்லையா. சுற்று முடிந்து, அவள் முதலாவதாக வந்த பிறகுதான் எழுந்து போனேன்.

நல்லான் அண்ணன் இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அந்த ஞாயிறிலிருந்து கவி யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். அவள் அம்மா என்னென்னவோ சொல்கிறாள். எனக்குத் தெரியும் சார், அன்று பாதி நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்ட ஏக்கம்தான் அது. இன்னும் கொஞ்சம் வேகமான கம்ப்யூட்டர் கிடைத்தால் சரியாகிவிடுவாள்.